முருகேசுவைக் கொன்றது நான்

கண்ணு,

யாழ்ப்பாணத்தில் குடிநீர்க் குழாய் வேலைக்கு ஆறு மாதம் போகிறேன் என்று நீ போனில் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்து நீ மூன்று தரம் "அம்மா, அம்மா, கேக்குதா" என்று கத்தினாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் நாக்கு எழவில்லை. அதற்கு நான்கு நாள் முன்னால் அதே ஊரிலிருந்து எனக்கு ஒரு தபால் வந்திருந்தது. ஒரு பெண் அதில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். கதையில் வரும் ஒரு கிழவரைத் தன் புருஷன் ஏன் சாகடித்தார் என்று கேட்கிறாள். உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். பதில் தெரிந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். படித்த அன்றைக்கு சாமைச் சோற்றை அடுப்பிலேயே தீய விட்டேன், பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து இறக்கினாள். எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்தவள், இதை எழுத எத்தனை தாளைக் கிழித்தேன் என்று கேட்காதே. நீ படித்துவிட்டு உன் பெண்டாட்டியிடம் கொடு. பிள்ளைகள் பெரியவர்களானதும் அவர்களும் படிக்கட்டும். ஒளித்து வைத்தது போதும்.

அப்போது உனக்கு எட்டு மாதம். நாம் புதூர்நாட்டில் இருந்தோம். நான் மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர், உங்கப்பா மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த ஜீப்பில் புளி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் இறங்கினார். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். இலங்கையில் கலவரம் நடந்து, அது சண்டையாக மூண்டு, ஜனங்கள் படகேறி ராமேஸ்வரத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நாட்டில் அவர் பெயர்போன நாவலாசிரியர். அவர் தொடர்கதை வரும் வாரங்களில் பத்திரிகைக் கட்டு ரயிலில் வந்து இறங்கும் முன்பே ஸ்டேஷனில் ஆட்கள் காத்திருப்பார்களாம். அமிர்தியில் வனத்துறை ரேஞ்சராக இருந்த ஒருவர் அவருடைய வாசகர். அவர்தான் அகதி முகாமில் பேசி, அனுமதி வாங்கி, நம் பக்கத்து வீட்டை அவருக்குப் பிடித்துக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் அவரைக் கதைக்காரர் என்றார்கள். நான் ஐயா என்றேன். அவருக்கு நான் 'பிள்ளை'. தன் நாட்டில் அவர் முகத்தைப் பார்த்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்களாம். இங்கே ஆட்டுக்காரன் அவரை நகரச் சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போவான். அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்து நிற்பார்.

துண்டை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். வலது கையின் நான்கு விரல்கள் மடங்கவே மடங்காது. கலவரத்தில் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருக்கிறார்கள். எழுதுகிறவனின் கை எது என்று கேட்டுவிட்டு நசுக்கினார்கள் என்று அவர் சொன்னார். வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் அதைச் சொன்னார். அவர் வாய்விட்டுச் சொல்ல, யாராவது எழுத வேண்டும். மலையில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை அழிக்க மனசு வரவில்லை என்று பக்கத்து ஊர் வாத்தியார்களே சொல்லுவார்கள். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் அவருடைய தொடர்கதை வர ஆரம்பித்தது. அவர் சொந்தப் பெயரில் இல்லை, ஒரு பெண்ணின் பெயரில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் தாளோடு உட்காருவேன். அவர் பலாமரத்தடியில் நடந்துகொண்டே சொல்லுவார். காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் வாயால் வரும். ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ கதவைத் திறக்கும் இடத்தில் முடியும். உள்ளே இருப்பது யார் என்று அடுத்த வாரம்தான் தெரியும். நான் கேட்டாலும் சொல்ல மாட்டார். கதை நடப்பது சென்னையில். ஆனால் அவர் வாயில் வருவது யாழ்ப்பாணத்துப் பேச்சு. கதிரை என்பார், நான் நாற்காலி என்று எழுதுவேன். குசினி என்பார், நான் சமையலறை என்று மாற்றுவேன். கிழமை என்பார், நான் வாரம் என்று போடுவேன். முதலில் கேட்டுக் கேட்டு மாற்றினேன். பிறகு கேட்காமலே மாற்றினேன். அவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இப்ப சரியாய் இருக்குது, பிள்ளை" என்பார். அந்தப் பாராட்டு என் தலைக்கு ஏறியது. இரண்டு மாதத்தில், வார்த்தை மட்டும் ஏன், வாக்கியத்தையே நான் திருத்தலாமே என்று தோன்றிவிட்டது. உன் பெண்டாட்டி சமைக்கும்போது அவள் உப்புப் போட்டுவிட்டுப் போனபிறகும் நீ ஒரு சிட்டிகை போடுவாயே, அந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?

அந்தக் கதையில் முருகேசு என்று ஒரு கிழவர் வருவார். பக்கத்துத் தெருக்காரர். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு தடவை நாயகியின் வீட்டுக்குள் நுழைவார், பால் விடாத டீயைக் கேட்டு வாங்குவார், பனைவெல்லத்தை ஒரு கடி கடித்து ஒரு மடக்குக் குடிப்பார், "வர்றேன் தாயீ" என்று எழுந்து போவார். அவ்வளவுதான். கதையில் அவருக்கு வேறு வேலையே கிடையாது. கல்யாணம் நடக்கும், கோர்ட்டுக்குப் போவார்கள், வீடே பற்றி எரியும், அதற்கு நடுவிலும் முருகேசு டீக்கு வந்துவிடுவார். பத்திரிகை ஆசிரியர் கூட, இந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று எழுதினார். நான் இரண்டு முறை ஐயாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அவர் இருக்கட்டும் பிள்ளை" என்றார். வேறு எதைச் சொன்னாலும் விவாதம் செய்கிறவர், இதில் மட்டும் அந்த மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. ஐயாவும் டீயை அப்படித்தான் குடிப்பார். கிழவரைத் தன்னைப் பார்த்தே எழுதிவிட்டு விட முடியாமல் தவிக்கிறார் என்று நான் எடை போட்டுக்கொண்டேன்.

அவருக்கு மனைவியும் பதினெட்டு வயதில் ஒரு மகளும் அங்கே இருந்தார்கள். மனோன்மணி, சுகந்தி என்று பெயர் மட்டும் சொல்லியிருந்தார். அவர்களுக்கு அவர் கடிதம் போட்டு நான் பார்த்ததில்லை, அங்கிருந்து ஒன்றும் வந்ததில்லை. கல் மனசு என்று உங்கப்பாவிடம் சொன்னேன். "ஒனக்கு இன்னா தெரியும், சும்மா இரு" என்றார் அப்பா. அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் குணம் அவருக்கு இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் ஐயாவுக்கு மலேரியா கண்டது. இரண்டு நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்தார். அப்பா ஜீப்பில் படுக்க வைத்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கு மறுநாள் சென்னையிலிருந்து தந்தி வந்தது. பதினான்காம் அத்தியாயம் உடனே வேண்டும், வராவிட்டால் தொடரை நிறுத்திவிடுவோம் என்று இருந்தது. ஐயாவுக்கு வேறு பிழைப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவரைக் கேட்டால் சுவரைப் பார்த்து யாருடனோ பேசுகிறார். கதை எந்தப் பக்கம் போகிறது என்பது எனக்கு மனப்பாடம். நான் உட்கார்ந்து எழுதினேன். ஒரு நல்ல மனுஷருக்கு உதவி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி திமிர். இதை உனக்குச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தையே எழுத வேண்டாம்.

நான் முருகேசுவைக் கொன்றேன். கையில் வெல்லக்கட்டியோடு தெருவைக் கடந்தவர் மேல் லாரி ஏறியது. எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷமும் கூடவே வந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இன்னாத்துக்குமே அந்தாளக் கொன்ன?" என்றார்.

"சும்மா வந்து டீ குடிச்சிட்டுப் போறாரு. கதைக்கு இன்னா பிரயோஜனம்?"

"குடிச்சிட்டுப் போவட்டுமே. ஒங்கூட்டு டீயா?"

"ஒனக்குக் கதையப் பத்தி இன்னா தெரியும்? ஜீப்ப எடு, பஸ்சு போய்டும்."

அவர் எடுத்துக்கொண்டு போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தார். அடுத்த வாரமும் ஐயா எழுந்திருக்கவில்லை. பதினைந்தாவதையும் நானே எழுதினேன். நாயகி அழுதுகொண்டே முருகேசுவின் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பத்திரிகையில் அதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். வாசகர் கடிதங்கள் ஒரு கட்டாக வந்தன. முருகேசு இல்லாத வீட்டை நினைத்து சாப்பாடே இறங்கவில்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் தரையில் நடக்கவில்லை, கண்ணு.

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அப்பா வந்து சொன்ன அன்றைக்கே பத்திரிகையையும் கடிதக் கட்டையும் எடுத்துக்கொண்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பகல் பதினொரு மணி. வார்டில் நல்ல வெளிச்சம். அவர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நானே எழுதினேன் என்று சொல்லாமல் பத்திரிகையை நீட்டினேன், படித்துவிட்டு ஆச்சரியப்படட்டும் என்று. அவர் படித்தார். ஒரு பக்கம் திருப்பினார். கஞ்சிக் கிண்ணம் கவிழ்ந்து போர்வையெல்லாம் நனைந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் உதடு வெளுத்ததை நான் பார்த்தேன். மனுஷருக்கு உதடு அப்படி வெளுக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"பிள்ளை," என்றார். "ஆரைக் கேட்டு இவரைச் சாகடிச்சனீங்கள்?"

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "எத்தினை கிழமையாச்சு? இது அங்கை போய்ச் சேர்ந்திருக்குமோ? சொல்லுங்கோ, போய்ச் சேர்ந்திருக்குமோ?" என்று அந்த விரல் மடங்காத கையால் என் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தார். பிடிக்க முடியவில்லை. நீ பயந்து வீறிட்டாய்.

அப்புறம்தான் சொன்னார். ராணுவத்தைப் பற்றி அவர் எழுதிய ஒன்றுக்காக அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கலவரத்திலேயே செத்துப்போனார் என்று மனோன்மணி அக்கா சொல்லி, பொட்டை அழித்து, வெள்ளைச் சேலை கட்டி, ஊரையும் நம்ப வைத்திருந்தாள். இவர் பெயரில் ஒரு கடிதம் போனால் போதும், வீட்டு வாசலில் ராணுவ ஜீப் நிற்கும். அதனால் புறப்படும்போது புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். எந்தப் பெயரிலாவது சென்னைப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுவேன், அதில் முருகேசு என்று ஒரு கிழவர் என்னைப்போல வெல்லத்தைக் கடித்துக்கொண்டு டீ குடிப்பார், அவர் வருகிற வரைக்கும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வேறு யாராவது கதையை முடிப்பார்கள், அப்போது முருகேசு இருக்க மாட்டார். பத்திரிகை மூன்று வாரம் தாமதமாகவாவது யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். தாயும் மகளும் ஒவ்வொரு வாரமும் முதலில் தேடுவது முருகேசுவைத்தான். அவர் டீ குடித்துவிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் கதையையே படிப்பார்கள்.

நான் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. "உங்களிட்டைச் சொல்லாதது என்ரை பிழை, பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு இருந்திட்டன்" என்றார். படுத்தபடியே பதினாறாம் அத்தியாயத்தைச் சொன்னார். லாரியில் அடிபட்டது வேறு ஆள், முருகேசு ஊருக்குப் போயிருந்தார், திரும்பி வந்து டீ கேட்கிறார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார், நான் ஒரு எழுத்தையும் மாற்றாமல் எழுதினேன். அப்பா அதைத் தபாலில் போடவில்லை, தானே பஸ் ஏறி சென்னைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு ராமேஸ்வரத்துக்கும் போய், எதிர்ப்பக்கம் போகிற படகுக்காரர்களிடம் வாய்ச்சொல்லாகச் சேதி சொல்லி அனுப்பினார். அது போய்ச் சேரவில்லை என்று பின்னால் தெரிந்தது. செத்தவரைப் பிழைக்க வைத்ததற்கு வாசகர்கள் கேலி செய்து எழுதினார்கள். ஐயா அவற்றைப் பிரிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு தினமும் மலைப்பாதை தெரிகிற இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். முருகேசு இல்லாமல் வந்தது இரண்டே வாரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தை மாதத்தில் மனோன்மணி அக்காவே படகேறி, சென்னைப் பத்திரிகை ஆபீசில் விலாசம் வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பாதான் ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்தார். வெயில் உச்சியில் இருந்தது. அவள் வெள்ளைச் சேலையில் ஒரு துணிப்பையோடு இறங்கி நின்றாள். ஐயா கல்லிலிருந்து எழுந்து ஓடி வந்தார். அவள் தனியாகத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"சுகந்தி எங்கை?"

"இயக்கத்துக்குப் போட்டாள்" என்றாள் அக்கா.

அவள் அழவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னாள். மகளோடு படித்த சிநேகிதிகள் இரண்டு பேர் ஏற்கெனவே அந்த இயக்கத்தில் துப்பாக்கி எடுக்கப் போய்விட்டார்களாம். "அப்பா இருக்கிறார், கூப்பிடுவார், நாங்கள் போவம்" என்று சொல்லிச் சொல்லித்தான் இவள் நிறுத்தி வைத்திருந்தாள். பத்திரிகையைக் காட்டி, "பார், அப்பா தேத்தண்ணி குடிச்சிட்டார்" என்பாளாம். "பதினாலாவது வந்தது. நான் வாசிச்சன். ஊருக்காகப் பொய்யாய் அழிச்ச பொட்டை அண்டைக்கு மெய்யாய் அழிச்சன். அவள் ஒண்டும் பேசேல்லை. அடுத்த கிழமை டம்ளரைக் கவிழ்த்து வைச்சது வந்தது. அதை வாசிச்சிட்டு, அம்மா இனி ஆருக்காக நான் இருக்கிறது எண்டு கேட்டாள். விடிய எழும்பிப் பார்த்தன், பாயிலை ஆளில்லை. அவள் போய் ஆறாம் நாள் பதினாறாவது வந்தது. தெருவிலை நிண்டு சத்தமாய் வாசிச்சன். ஆர் கேக்கிறது?"

கவிழ்த்த டம்ளர். என் மனசுக்கு மிகவும் பிடித்த வரி அது. எங்கோ ஒரு பெண் அதைப் படித்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். உன்னைக் கீழே போட்டுவிடுவேனோ என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா ஐயாவின் முகத்துக்கு நேராக வந்து கேட்டாள். "ஏன் அந்தாளைச் சாகடிச்சனீங்கள்? பேசி வைச்சதை மறந்து போனீங்களோ?"

ஐயா என் பக்கம் திரும்பவே இல்லை. "காய்ச்சலிலை என்ன சொன்னன் எண்டு எனக்கே தெரியேல்லை மனோ. நான்தான் சொன்னன். பிள்ளை எழுதினது" என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லை அக்கா, நான்தான் என்று மூன்று சொல். நான் பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்கு முன்னால் தொண்டை கிழியப் பேசுகிறவள். அப்பா என்னைப் பார்த்தார். நான் உன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலை அவள் முகாமுக்குப் புறப்பட்டாள். அங்கே வருகிற படகுகளில் மகளைப் பற்றி யாராவது சேதி கொண்டுவருவார்கள் என்று. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, நீங்கள் இல்லாட்டி இவர் இந்தக் கையோடை என்ன செய்திருப்பார்? நீங்கள் நல்லாய் இருக்கோணும்" என்று உன் நெற்றியைத் தொட்டு வாழ்த்திவிட்டுப் போனாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஏன் ஐயா அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "அவளுக்கு ஆரையாவது வெறுக்க வேணும், பிள்ளை. என்னை வெறுத்தால் அது வீட்டுக்குள்ளை கிடக்கும். நீங்கள் கைக்குழந்தைக்காரி" என்றார். அந்தத் தொடரை இன்னும் ஆறு வாரத்தில் முடித்தார். முருகேசு கடைசி வரிவரைக்கும் இருந்தார். பிறகு அவர் வாயிலிருந்து ஒரு கதையும் வரவில்லை. அவரும் முகாமுக்குப் போனார், சில வருடம் கழித்து, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயத்தில், இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பினார்கள் என்று ரேஞ்சர் சொல்லிக் கேள்விப்பட்டேன். உங்கப்பா அதன்பிறகு இரண்டு தடவை, "எழுதிப் போட்டுடுமே, மனசுல வச்சிக்கினு இன்னா பண்ணப்போற" என்றார். நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் செத்தபோது எனக்கு வந்த துக்கத்தில், இனி இதைத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை என்ற நிம்மதியும் கொஞ்சம் இருந்தது. பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாலாவது படிக்கும்போது நீ கல்லெறிந்து ஜீப்பின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு, ஆடு முட்டியது என்று சாதித்தாய். ஆடு அவ்வளவு உயரம் எட்டுமா என்று அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புளியவிளாறால் உன்னை விளாசி, ஜீப் முதலாளி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், ஊர் பார்க்க உன் வாயால் ஒப்புக்கொள்ள வைத்தேன். "செஞ்சத செஞ்சேன்னு சொல்றவன்தான் மனுசன்" என்று கத்தினேன். அன்று ராத்திரி அப்பா என்னோடு சாப்பிடவில்லை. நீ பெரியவனாகி, அம்மா அன்னைக்கு அடிச்ச அடிதான் என்னை நேராக்கிச்சு என்று உன் கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் பெருமையாகச் சொன்னாய். எனக்கு மணமேடையில் நிற்க முடியாமல் போனதற்குக் காரணம் முட்டிவலி இல்லை.

இப்போது தபாலைப் பற்றிச் சொல்கிறேன். ஐயா போய்விட்டார். அவர்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாளுக்கு, இறந்தவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்களாம். அதோடு அக்கா தன் கையால் ஒரு கடிதமும் வைத்திருக்கிறாள். 'தங்கச்சி, இவ்வளவு வருஷமும் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாடு போட்டேன், துணி தோய்த்தேன், கதைக்கவில்லை. கடைசிக் கிழமையிலும் கேட்டேன். காய்ச்சல் என்றுதான் சொன்னார். மனம் ஆறவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதியது நீங்கள்தானே. அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு எழுதுங்கள்.'

நான் ஒரு நாளில் செய்த தப்புக்கு அந்த மனிதர் ஆயுள் முழுக்கத் தன் வீட்டிலேயே அந்நியனாக இருந்திருக்கிறார். இதை நான் கனவிலும் நினைக்கவில்லை. கோபம் தணிந்து, புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டு, அவர் எப்போதோ உண்மையைச் சொல்லியிருப்பார், அவர்கள் என்னைத் திட்டி ஓய்ந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு விதத்தில் அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர்களுடைய குடும்ப வரிசை அச்சாகியிருக்கிறது. செத்தவர்கள் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டிருக்கிறது. இருப்பவர்களுக்கு ஊரும் துணையும் போட்டிருக்கிறது. சுகந்தி என்ற பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை. அவள் என்ன ஆனாள் என்று அவர்களுக்கே இன்னும் தெரியவில்லை.

நீ அங்கே போகிறாய் என்றதும், உன்னிடம் ஒரு உறையைக் கொடுத்து அனுப்பிவிடலாம், நீ பக்குவமாகப் பேசுவாய் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முகவரியைக் கூட ஒரு சீட்டில் எழுதி வைத்தேன். எழுதி எழுதி இந்த இடத்துக்கு வந்தபிறகு எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கு என் பழியை ஐயா சுமந்தார். இன்றைக்கு என் பிள்ளை சுமக்க வேண்டுமா? நீ அந்த வீட்டுப் படியில் நின்று எனக்காகத் தலைகுனிந்தால், ஜீப் முதலாளி வாசலுக்கு உன்னை இழுத்துப் போனதற்கு அர்த்தமே இல்லை. உனக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றுதான், அதையும் நான் செய்யாமல் சொல்லக் கூடாது.

எனக்கு பாஸ்போர்ட் எடு. என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுது, வாணியம்பாடிக்குப் போக வேண்டுமா வேலூருக்குப் போக வேண்டுமா என்று விசாரித்துச் சொல். முட்டி வலிக்கிறதே, இந்த வயசில் எதுக்கு என்று ஆரம்பிக்காதே. நீ போகிற அன்றைக்கே நானும் வருகிறேன். வாசல்வரைக்கும் நீ கூட வா, அதற்கு மேல் வராதே. அவள் கத்தினாலும், கையை ஓங்கினாலும், முகத்தில் கதவைச் சாத்தினாலும் நீ நடுவில் வந்து எங்கம்மா நல்லவங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. அவள் கேட்டு முடிக்கும்வரை நான் அங்கேயே நிற்க வேண்டும்.

அம்மா